பால் கணக்கு

ஆவணியில் அடுப்படியைப் பெயர்த்தோம்.
ஐப்பசி பாதி கடந்தும்
மிக்ஸி டிவிக்குப் பக்கத்தில்தான்,
துவரம்பருப்பு கட்டிலுக்கு அடியில்.
கடுகு எங்கே என்று கேட்டால்
நாலு பேரும் நாலு திசை காட்டுகிறோம்.

"வீடு மாத்துறீங்களா?"
கேஸ் கொண்டுவந்தவர் கேட்டார்.
இல்லை, அலமாரி செய்கிறோம்.
"யாரு ஆசாரி?"
நான்தான் என்றேன்.
வெறும் சிலிண்டரைத் தூக்கியவர்
வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனார்.

நீடாமங்கலம் கூட்டுறவுச் சங்கத்தில்
ஊரார் நகைக்கு ரசீது எழுதுகிறவள் நான்.
அரை கிராமுக்கு நடக்கும் சண்டைகளைப் பார்த்துவிட்டு
வீட்டுக்கு வந்து
அரை மில்லிமீட்டருக்கு
என்னோடு நானே சண்டை போடுகிறேன்.

எனக்கென்று இருப்பது ஞாயிறு.
தியாகேசன் ராத்திரி வண்டி முடித்து வந்து படுத்தால்
பதினொன்று வரை சுத்தியலுக்கு ஊரடங்கு.
பிறகு பக்கத்து வீட்டில் டியூஷன் பிள்ளைகள்.
பிறகு சின்னவன் தூக்கம்.
நாலு மணிக்குக் கரண்ட் போகும்,
சொல்லிவைத்ததுபோல்.
எல்லாம் கழித்தால் நாற்பது நிமிடம்.
ரம்பத்தைக் கையில் எடுத்ததும்
"அம்மா, தோசைமாவு பொங்கி வழியுது."

பூவரசம் பலகை.
வாய்க்கால் கரையில் சாய்ந்த மரம்,
அறுத்து இரண்டு வருஷம் பரணில் காய்ந்தது.
சீவச் சீவ உள்ளே கருஞ்சிவப்பு.
அன்றைக்கு ரசத்தில்
மிளகு ஜாஸ்தி என்றான் சின்னவன்.
நான் மிளகே போடவில்லை.

சுவரில் சாய்த்துவைத்த பலகையை
இவர்கள் சும்மா விடவில்லை.
காலண்டர் அட்டைப்பெட்டிக்குள் போனதிலிருந்து
கேஸ் புக்கிங் நம்பர் அதில்,
நிறைமதியின் அல்ஜீப்ரா அதில்,
பால் வந்த நாளுக்கு ஒரு கோடு அதில்.
வெட்டுக்கோடு எது, பால்கோடு எது என்று
கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன்.

குளியலறைக் கதவு தனிக் கதை.
மழைக்கு ஊதிக்கொண்டு மூட மறுக்கிறது.
சீவிவிடேன், சீவிவிடேன் என்கிறார்கள்.
ஐப்பசிக்கு அளந்து சீவினால்
மாசியில் விரல் நுழையும் சந்து விழும்.
இரண்டு மாசம் பொறுங்கள் என்றேன்.
அதுவரை
உள்ளே இருப்பவர் குரல் கொடுக்கவேண்டும்.
நிறைமதி பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்கிறாள்.
சின்னவன் சும்மா கத்துகிறான்.
தியாகேசன் மட்டும்
"நீடாமங்கலம், வலங்கைமான், கும்பகோணம்!
கும்பகோணம் ஏறு!"

கார்த்திகை முதல் வாரம் அலமாரி நின்றது.
ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்வு;
அடியில் மடித்த பஸ் டிக்கெட் கட்டு.
கடுகுக்கு ஓர் இடம் கிடைத்தது.
அதை வைத்த இடத்திலிருந்து எடுத்துத் தாளித்தபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பால்காரர் காத்தமுத்து வந்தார்.
எத்தனை நாள் என்றேன்.
"நீங்கதானே எழுதிவைக்கிறீங்க."
கணக்கு
மூன்றாவது தட்டின் அடிப்பக்கம் இருந்தது.
துண்டை விரித்து மல்லாந்து படுத்தார்,
செல்போன் வெளிச்சத்தில் எண்ணினார்.
பத்தொன்பது வரை சரியாக வந்தது.
அடுத்த கோட்டை ரம்பம் தின்றிருந்தது.
அதற்கப்புறம் இருந்த துண்டு
வெந்நீர் அடுப்பில் எரிந்துபோய்விட்டது.
அவர் இருபத்தொன்பது என்றார்.
நான் இருபத்தேழு என்றேன்.
குளியலறைக்குள்ளிருந்து
"வலங்கைமான்!" என்றது குரல்.

இருபத்தெட்டுக்குக் கொடுத்தேன்.
காத்தமுத்து உடனே எழுந்திருக்கவில்லை.
"இங்க ஒரு எக்ஸ் இருக்கு,
விடையைக் காணமே?"
நிறைமதியைத்தான் கேட்கவேண்டும் என்றேன்.

தலையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டே
"அடுத்த மாசம் எதுல எழுதுவீங்க?" என்றார்.
சுவரைப் பார்த்தேன்.
அலமாரிக் கதவுக்கு என்று
இரண்டு பலகை இன்னும் சாய்ந்திருக்கிறது.
ஒன்றில் யாரோ அதற்குள்
நாலு கோடு போட்டிருக்கிறார்கள்.