தலைமாட்டுக்கு இரண்டு கல்

களுவாஞ்சிக்குடி பஸ் நிலையத்தில்
பத்தொன்பது வருடமாக
மற்றவர்களின் புறப்பாட்டை எழுதுகிறேன்.
ஐந்து நாற்பது, கல்முனை.
ஐந்து ஐம்பத்தைந்து, மட்டக்களப்பு.
ஒரு பஸ்ஸுக்கும் மற்றதுக்கும் இடையே
பிளேன்டீ, ஒரு றோல்ஸ், திரும்பவும் பிளேன்டீ.
சோறு என் நேரசூசியில் இல்லை.

முதல் தடவை குழாய் விட்டபோது
இரைப்பையில் குருணலளவு கிள்ளி
மஞ்சள் சொட்டொன்றில் போட்டார்கள்.
நான் எச்சில் துடைத்து எழும்புமுன்
அது றோசா நிறமாகிவிட்டது.
"கிருமி இரிக்கி" என்றார் மிஸ்ஸி,
கதவு தட்டியவருக்கு
வீட்டில் ஆள் இரிக்கி என்கிற தொனியில்.

பதினாலு நாள். காலையும் இரவும் கைநிறைய மாத்திரை.
வாயெல்லாம் பழைய ஐந்து சதக் காசு.
புளியாணம்கூட இரும்பாய் ருசித்தது.
திருகாணி உடம்போடு அது
அமிலத்துக்குள் எத்தனை வருடம் குடியிருந்ததோ.
கிணற்றுத் தண்ணியா,
சின்னதில் யாரோ மென்று ஊட்டிய சோறா,
தந்தவர் பேர் தெரியாத சீதனம்.
துரத்தியாயிற்று.
துரத்திய சந்தோசத்தில்
சுங்கான் கருவாட்டுப் பொரியலும் மாசிச் சம்பலும்
இரவு பத்தரைக்கு.

மறுகா, எரிவு மேலேறத் தொடங்கியது.
படுத்தால் நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பூதுகிறார்.
ஈசீஜீ எடுத்துப் பார்த்தேன்.
இதயம் சரியான நேரத்துக்கு ஓடுகிறதாம்.

இரண்டாம் தடவை, டொக்டர் நஸ்மியா
கிளினிக் கொப்பியின் பின்மட்டையில்
ஒரு குழாய் கீறினார். அடியில் ஒரு நெளிகோடு.
"கோட்டுக்கு மேல வெளிறின தோல், கீழ சிவப்பு.
உங்கட கோடு மேல ஏறியிரிக்கி, மூணு சென்ரிமீற்றர்."
"புற்றா?"
"இல்ல. ஆனா அந்தப் பக்கம் போற றோட்டு."
சொன்னதை அவரே உடனே வெட்டினார்:
"கனபேர் அதில கடைசி வரைக்கும் போறதே இல்ல."

முகத்துவாரத்தில் பார்த்திருக்கிறேன்.
மண்திட்டு உடைந்தால் கடல் உள்ளே வரும்.
உப்பேறிய வயல் சும்மா கிடப்பதில்லை.
நெல்லைக் கைவிட்டு
உப்புத் தாங்குகிற எதையாவது முளைக்க விடும்.
என் தொண்டைக்குக் கீழேயும் அதுதான்.
பொசுங்கிப் பொசுங்கிச் சலித்த தோல்
குடலின் தோலை உடுத்திக்கொண்டிருக்கிறது,
பிழைக்கத்தான்.
அது பிழைக்கிற விதம்தான்
என்னைப் பயப்படுத்துகிறது.

"அப்ப அந்தக் கிருமிய விட்டு வைச்சிருக்கலாமா, டொக்டர்?
அது இருந்தவரைக்கும் இந்த எரிவு இல்லையே."
அவர் பேனையை மூடினார்.
"அப்பிடியும் யோசிக்கிற ஆக்கள் இரிக்காங்க.
ஆனா அது உள்ளுக்குப் புண் தோண்டிக்கிட்டு இருந்திச்சி.
நல்லவன் எண்டு நான் சேட்டிபிக்கட் குடுக்க மாட்டன்."

மூன்று வருடம் கழித்து வரச் சொன்னார்.
கொப்பியில் திகதி, என்னுடையதல்லாத எழுத்தில்.
முதல்தரமாக எனக்கு ஒருவர்
நேரம் எழுதித் தந்திருக்கிறார்.
பஸ் நிலையப் புத்தகத்தின் கடைசித் தாளிலும்
அதைப் பதிந்தேன்:
வில்வரெத்தினம். வியாழன். காலை ஏழரை. வெறும் வயிறு.
போகுமிடம் என்ற நிரலில்
பேனையை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.

கோகிலமலர் ஒன்றும் கேட்கவில்லை.
மதில் கட்டி மிஞ்சிய இரண்டு சீமெந்துக் கல்லைக்
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கொடுத்தாள்.
ஏழு மணிக்கே சோற்றுப்பானை கழுவிக் கவிழ்ந்தது.
சரிவில் படுத்தால் எரிவு ஏறுவது குறைவு.
ஆனால் நித்திரையில் நான் வழுகுகிறேன்,
அவளும் வழுகுகிறாள்.
விடியப்புறம் நாலேகாலுக்கு அலாரம் அடிக்கையில்
கால்மாட்டுப் பலகையில் முட்டிக்கொண்டு கிடக்கிறோம்
இரண்டு பேரும்.
தலையணைகள் மட்டும் மேலே நிற்கின்றன,
முதல் பஸ்ஸைத் தவறவிட்ட ஆட்களைப் போல.