ஆட்டோவில் போகும் என் குரல்

அன்பார்ந்த பொதுமக்களே என்றுதான் அது தொடங்கும்.
வனத்துறை எழுதித் தந்த தாளில் 'அன்பார்ந்த' கிடையாது,
நான் சேர்த்தது.
ஜெராக்ஸ் கடையின் பின்னறை. ஃபேனை அணைத்துவிட்டு,
நகை அடகுக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும்
ஆடித் தள்ளுபடிக்கும் பேசிய அதே மைக்கில்
வியர்க்க வியர்க்கப் பேசினேன். இருநூறு ரூபாய்.

சொரிமுத்துவின் ஆட்டோ அதை ஏற்றிக்கொண்டு
மலையடிவாரத்துத் தெருவெல்லாம் சுற்றியது.
இருட்டில் வெளியே போகாதீர்கள். தனியே போகாதீர்கள்.
போகத்தான் வேண்டுமென்றால் பேசிக்கொண்டே போங்கள்,
கரடிக்குப் பார்வை மட்டு,
திடுக்கிட்டால்தான் அது பாயும்.
குட்டியைக் கண்டால் செல்போனை எடுக்காதீர்கள்.
முதுகு காட்டி ஓடாதீர்கள்.

மீன் அலசிக்கொண்டிருந்த பிரமு நிமிர்ந்து கேட்டாள்:
"ஓடாம? பொறவு?
உக்காந்து வெத்தல மடிச்சுக் குடுக்கவா?"

எங்கள் தெருக்குழாயில் தண்ணீர்
விடியக்காலை நாலரைக்குத்தான் வரும்.
ஐந்தேகாலுக்கு நின்றுவிடும்.
இருட்டில் போகாதே என்று சொன்ன அதே வாய்
மறுநாள் இரண்டு குடத்தோடு
இருட்டில் போனது.

சாரல் விட்டிருந்தது.
இசக்கியம்மன் கோயில் வளைவில் தெருவிளக்கு எரியவில்லை.
பந்தியில் கடைசி ஆள்
இலையில் ஊற்றிய பாயசத்தை வழித்து உறிஞ்சுவதுபோல்
ஒரு சத்தம்.
யாரோ கிறுக்கன், இந்நேரத்தில், என்று நினைத்தேன்.

விளக்குக் கல்லில் மிச்சமிருந்த எண்ணெயை
நக்கிக்கொண்டிருந்தது.
முதலில் தெரிந்தது உள்ளங்கால்.
குந்தியிருந்து எழுந்த மனுசக் காலைப்போல், சேறு அப்பி.
பிறகு மயிர். இருட்டைவிடக் கறுப்பாக
இருட்டுக்குள் ஒன்று இருக்க முடியும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
அது திரும்பியது.
மூக்கு மட்டும் வெளுப்பு, திரியின் சாம்பல் ஒட்டியிருந்தது.

ஊரெல்லாம் கேட்ட குரல்
எனக்கு வரவில்லை.
பேசுங்கள், பேசுங்கள் என்று எத்தனை தரம் சொன்னேன்!
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது.
கால் ஓடு என்கிறது,
தாளில் இருந்த வரி ஓடாதே என்கிறது,
நடுவில் நான், இடுப்பில் காலிக் குடம்.
கடைசியில் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல்:

"அன்பார்ந்த…"

அதற்கு மேல் இல்லை.
கரடி தலையைச் சாய்த்துக் கேட்டது,
பாக்கியைச் சொல் என்பதுபோல்.
ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொன்று.
என் மோதிரம் பிளாஸ்டிக் குடத்தில் பட்டு
டக் என்றது. மறுபடி வேண்டுமென்றே தட்டினேன்.
டக். டக்.
அது பெருமூச்சு விட்டது. சத்தியமாக விட்டது.
கிளுவை வேலியில் ஓர் இடைவெளி இருந்தது,
அதன் வழியே,
கடையடைத்துப் போகிற ஆள்போல்
திரும்பிப் பார்க்காமல் போனது.

காசு வாங்காமல் இன்னொரு தரம் பதிவு செய்தேன்.
அதற்கும் போக வழி வேண்டும், மறித்து நிற்காதீர்கள்
என்றொரு வரி சேர்த்தேன்.
தண்ணீரை ஏழு மணிக்கு விடுங்கள் என்றும் சேர்த்தேன்.
அதை வெட்டிவிட்டார்கள்.
தாளில் இல்லையாம்.

இப்போது நாலேகாலுக்கு நாங்கள் ஆறு பேர்
சேர்ந்து கிளம்புகிறோம்.
பிரமு சில்வர் குடத்தைத் தட்டிக்கொண்டு முன்னால்.
வால்வு திறக்கிற ஞானதிரவியத்தின்
தூக்கத்தில் தொடங்கி
அவன் கொழுந்தியாள் கல்யாணச் செலவு வரைக்கும்
உரக்க, மிக உரக்க,
வளைவு தாண்டும்வரை திட்டிக்கொண்டே போகிறோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் சிலநாள் கிளை அசையும்.
ஞானதிரவியத்தைப் பற்றி
கரடிக்கு இந்நேரம் எல்லாம் தெரிந்திருக்கும்.