மூன்றாவது விளக்குக் கம்பம்

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்.
'பிரதிவாதியை நேரில் சந்திக்கக்கூடிய இடம், நேரம்.'
தீப்பெட்டி அளவு.

கையில்தான் கொடுக்க வேண்டுமாம்.
கதவிடுக்கில் செருகக் கூடாது,
அக்காவிடம் கொடுத்துவிட்டு வரக் கூடாது.
வக்கீல் ஆபீஸ் பெண் விரல் மடக்கிச் சொன்னாள்:
தாலியை வேறொருவர் கட்ட முடியாதில்லையா,
அப்படித்தான் இதுவும்.
சின்னப் பெண். இன்னும் கட்டிக்கொள்ளவில்லை.

முதல் தடவை
சாட்ஸ்வர்த்தில் அவர் அக்கா வீடு என்று எழுதினேன்.
ஷெரிப் ஆபீசிலிருந்து குமெடே போனார்.
நாய் வந்தது. அப்புறம் அக்கா வந்தாள்.
தம்பியா, எந்தத் தம்பி என்றாளாம்.
போக வர கிலோமீட்டருக்கு இவ்வளவென்று
பில் எனக்கு வந்தது.

இரண்டாம் தடவை ஜேக்கப்ஸ், பெயிண்ட் கம்பெனி.
வாசலில் காவலாளி கேட்டானாம்:
எந்த கோவெண்டர்? இங்கே ஒன்பது பேர்.
நான் பத்தாவது என்று நினைத்துக்கொண்டேன்.
தாளில் வாதியும் கோவெண்டர்,
பிரதிவாதியும் கோவெண்டர்,
நடுவில் ஒரு கோடு.

அப்புறம் குமெடேயே போன் செய்தார்.
அம்மா, சம்பளக்காரன் நான், எத்தனை தடவை அலைவேன்?
அவர் எங்கே இருப்பாரென்று
உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

தெரியும்.

தென்மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்து ஓய்ந்தால்,
தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால்,
விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது
டர்பன் வடக்குக் கடல்பாலத்தில்
கடைசியிலிருந்து மூன்றாவது விளக்குக் கம்பம்.
நீலக் குல்லாய்.
இடது காது மந்தம், அந்தப் பக்கம் நின்று கூப்பிட வேண்டாம்.
பிளாஸ்கில் பால் சேர்க்காத டீ.
போனை வண்டியில் விட்டுவிட்டு வந்திருப்பார்.
தூண்டில் தண்ணீரில் இருக்கும்வரை
ஓட மாட்டார், பயப்பட வேண்டாம்.
இளையவளுக்காக எனக்கு வலி கண்ட அன்றும்
நரம்பைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் வந்தார்.

கட்டம் போதவில்லை.
ஓரத்தில் எழுதினேன்,
தாளைத் திருப்பிப் பக்கவாட்டில் எழுதினேன்.
இருபத்து மூன்று வருஷப் படிப்பு.
பரீட்சை இப்போதுதான் வைத்தார்கள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு குமெடே கூப்பிட்டார்.
பின்னால் அலைச் சத்தம்.
கொடுத்தாச்சு அம்மா.
மூன்றாவது கம்பம், நீலக் குல்லாய்.
வலது பக்கமாகத்தான் போனேன்.

கொஞ்சம் பொறு, கடிக்கிறது என்றாராம்.
குமெடே பொறுத்தார்.
பிறகு கோலை இவர் கையில் கொடுத்துவிட்டு
கால்சட்டையில் கை துடைத்துக்கொண்டு
டார்ச் அடித்து முழுவதும் படித்தாராம்.
இளையவள் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று காட்டினாராம்.
(பார்த்தேன். தப்புதான்.)
அந்த நேரம் பார்த்து ஒரு மீன் மாட்டியிருக்கிறது.
அதைத்தான் குமெடே என்னிடம் அதிகம் சொன்னார்.
வாழ்க்கையில் அவருக்கு முதல் மீன்,
முழங்கை நீளம்.

நான் இங்கிருப்பேனென்று யார் சொன்னது?
அதை அவர் கேட்கவே இல்லை.
'காற்றையும் எழுதியிருந்தாளா?'
அதை மட்டும் கேட்டாராம்.
ஆமாம் என்றிருக்கிறார் இவர்.

சிரித்தாரா என்று கேட்டேன்.
டார்ச்சை அணைத்துவிட்டார் அம்மா,
தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அறிக்கை வந்தது.
நேரில் வழங்கப்பட்டது. உள்ளடக்கம் விளக்கப்பட்டது.
காலை ஐந்து ஐம்பது.
அவர் கையெழுத்தின் வாலில் ஒரு செதில்
காய்ந்து ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன். வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து துணி எடுக்கப் போனால்
கொடி முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து படபடக்கிறது.
தென்மேற்கு.
வியாழன் வரை அடிக்கும்.
வெள்ளி விடியலில் ஷாட் வரும்.