கூரை பலகைக்கு

மாநகரசபைக் கந்தோரில் எனக்கு மொழிபெயர்ப்பு மேசை.
போன செவ்வாய் ஒரு கோவை வந்தது, சிங்களத்தில்:
வெள்ளவத்தைக் கால்வாய்க்குக் குறுக்கே
முப்பத்தொரு அடி மரப்பாலம்,
மேலே தகரம்.
கேள்வி ஒன்றுதான்.
இது பாலமா, கட்டடமா?

பாலமென்றால் வீதிப் பகுதிக்கு.
கூரை இருப்பதால் கட்டடப் பகுதிக்கு.
கீழே ஓடும் தண்ணீர் இன்னொரு திணைக்களத்துக்கு.
முப்பது வருடமாய் மூன்று பேரும்
ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்,
மிகுந்த பணிவுடன்.

இணைப்பு நான்கு, சோமபால பாஸின் வாக்குமூலம்.
முதல் பாலம் நாலு மழைக்குள் உக்கிப்போனது.
இரண்டாவதில் பவளராணி இடியப்பத் தட்டோடு
முழங்கால்வரை பலகைக்குள் இறங்கினா.
(தட்டு விழவில்லை. யாரோ அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.)
மூன்றாவதற்கு ரயில் பாதையின் பழைய சிலிப்பர் கட்டை,
துவான் ஜுனைதீன் கடையில் கடனுக்கு எடுத்த போல்ட்டு,
மூடிய தியேட்டரின் விளம்பரத் தகரம்.
'ஆள் நனைந்தால் காயும், ஐயா.
பலகை காயாது.
கூரை பலகைக்கு.'

இதை ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லைப் போல.
லொத்தர் விற்பவன் வந்தான்,
டியூஷன் பிள்ளைகள் வந்தார்கள்,
கீழே நிழலுக்கு ஒரு கபரகொய்யா.

இரு கரையிலும் சோதனைச்சாவடி இருந்த காலத்தில்
நேசராசா என்றொருவர்.
அந்தக் கரையில் பொலிஸ் பதிவு முடிந்துவிட்டது,
இந்தக் கரையில் இன்னும் போடவில்லை.
ஓரிரவு முழுதும் நின்றிருக்கிறார்,
பதினைந்தரையாவது அடியில்.
அதுவும் கோவையில் இருக்கிறது:
'பாலத்தில் அனுமதியற்ற குடியிருப்பு.'

யாரும் போகச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போனேன்.
தகரத்தின் உட்பக்கம் ஒரு நடிகையின் பாதி முகம்,
ஒரு கண். மையை இப்போது துரு தீட்டுகிறது.
குனிந்து பலகையைத் தொட்டேன்.
எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது.
மழை இல்லை, வெயிலும் பெரிதாய் இல்லை.
ஆனாலும் ஆறு பேர் நின்றார்கள்,
என்னோடு ஏழு.

திரும்பிவந்து படிவத்தை எடுத்தேன்.
'வகை' என்ற கட்டத்தில் சிங்களத்துக்கு ஒரு சொல் இருந்தது;
எங்கள் அகரவரிசையில் இல்லை.
கூரை என்று எழுதினேன்.
பாலம் என்று எழுதினேன்.
இரண்டும் தனித்தனியே நின்றன,
அந்தப் பகுதி, இந்தப் பகுதி.
நடுவில் ஒரு ப் தேவைப்பட்டது.
போட்டேன்.
ஜுனைதீனின் போல்ட்டு அளவுதான்.