தற்காலிகமாக

விளம்பரத்தில் போட்டிருந்தது:
"இளமைத் துடிப்புள்ள அணிக்கு ஆட்கள் தேவை."
துடிப்பு என்றால் நாடிதானே,
எனக்கும் இருக்கிறது.
காலை மாத்திரைக்குப் பிறகு எழுபத்திரண்டு.

நேர்காணல் மூன்றாம் மாடியில்.
லிஃப்ட் கதவில் ஒரு தாள்:
"தற்காலிகமாக இயங்காது."
தேதி, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நவம்பர்.

ஐம்பத்தெட்டுப் படிகள்.
என் வயதும் அதுதான்.
படிக்கு ஒரு வயதென்று ஏறினேன்.
ஏழில் பள்ளிக்கூடப் பை,
இருபத்துமூன்றில் கல்யாணம்,
இருபத்தொன்பதில் நின்று மூச்சு வாங்கினேன்.
அந்த வயதில்தான்
பனியில் வழுக்கிய ஒரு டிராம்
இடது முழங்காலுக்குக் கீழே இருந்ததைத்
தனக்கென்று வைத்துக்கொண்டது.

அப்புறம் இருபத்தாறு வருஷம்
கட்டுப்பாட்டு அறையில், ஒலிவாங்கியின் முன்.
வூச் நகரத்து டிராம்கள்
லுட்ஸினா சொன்னால் நின்றன, சொன்னால் நகர்ந்தன.
எந்த ஓட்டுநர் தூக்கத்தில் பேசுகிறார்,
யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்,
இரைச்சலுக்கு நடுவிலும் பிடித்துவிடுவேன்.
குரலுக்கு எத்தனை கால் என்று
அப்போது ஒருவரும் கேட்டதில்லை.
அறையை மூடி மூன்று வருஷம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்.
யாக்ஷெவ்ஸ்கா அம்மையார், விரல்கள் விசைப்பலகையில்.
கோர்னெல், முப்பது இருக்காது.

"ஏறி வரச் சிரமமா?"
"லிஃப்ட் ஓடவில்லை" என்றேன்.
"புது மென்பொருள், பழகிக்கொள்வீர்களா?"
நான் இருந்தபோதே மூன்று வந்து மூன்றும் போயின.
"இரவுப் பணி, உங்கள் நிலையில்..."
நிலை என்ற சொல்லை
என் கைத்தடியைப் பார்த்துச் சொன்னார்.
உட்கார்ந்து செய்கிற வேலை, அம்மா.
நாற்காலி கால்களை எண்ணுவதில்லை.

நொண்டிச் சாக்கு என்பார்கள்.
நொண்டி நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.
சாக்கு அவர்களுடையது.

கோர்னெல் மட்டும்
"மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்றான்.
மறுபடியும் கேட்டான்.
மூன்றாம் முறை, புரிந்ததுபோல் சிரித்தான்.
அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்,
கேட்காதவர்கள் சிரிக்கிற சிரிப்பு.
காதை மூடி வளர்த்த முடிக்குள்
தோல் நிறத்தில் ஒரு மெல்லிய குழாய்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
முடியை இழுத்து விட்டுக்கொண்டான்.

கைத்தடியை எந்த முடிக்குள் ஒளிப்பது?
ஒன்றும் சொல்லாமல்
நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்,
உதடுகளில் வெளிச்சம் விழட்டும் என்று.
அதற்குப் பிறகு அவன்
"என்ன?" என்று கேட்கவில்லை.
நோட்டில் ஏதோ எழுதினான்.
எனக்குச் சாதகமா பாதகமா,
தலைகீழாகப் படிக்க வராது எனக்கு.

பதினோராம் நாள் கடிதம்.
"தங்கள் வளமான அனுபவத்துக்கு நன்றி."
வளமான என்ற இடத்தில் அச்சு மங்கியிருந்தது.
கையெழுத்து ஒன்றே ஒன்று, அம்மையாருடையது.

மறுநாள் அந்தக் கட்டடத்துக்குப் போனேன்.
ஏறுவதற்கு அல்ல.
லிஃப்ட் கதவுத் தாளின் அடியில்
பேனாவை அழுத்தி எழுதினேன்:
"தற்காலிகம் என்றால் எத்தனை நாள்?"
கீழே என் முழுப் பெயர்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகையில்
எட்டிப் பார்த்தேன்.
தாளைக் கிழிக்கவில்லை யாரும்.
என் கேள்விக்குக் கீழே, பச்சை மையில்,
"இன்றோடு நானூற்றுத் தொண்ணூற்றொரு நாள்."
பெயர் இல்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த கையா,
ஏற முடியாமல் திரும்பிய கையா,
எழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
குரலாக இருந்திருந்தால்
சொல்லியிருப்பேன்.