இரண்டு பல்

பின்அச்சு ஊளையிடத் தொடங்கியது மாசியில்.
எழுபதைத் தாண்டினால் ஒரு சுருதி,
காலை எடுத்தால் இன்னொன்று.
அறுபத்தொன்பதாம் ஆண்டு ஓப்பல் ரெக்கோர்ட்,
இதே பீல் நகரத்தில் பூட்டி இறக்கியது.
எங்கள் இருவரையும்விட அதற்கு வயது கூட.

கழற்றி எண்ணினோம்.
வளையச் சக்கரத்தில் முப்பத்துமூன்று பல்,
சின்னதில் ஒன்பது.
இரண்டும் மூன்றால் பிரியும்,
அதனால் சின்னதின் ஒவ்வொரு பல்லும்
பெரியதில் பதினொன்றை மட்டுமே தொட்டிருக்கிறது,
ஐம்பத்தைந்து வருடமாக அதே பதினொன்றை.
மற்ற இருபத்திரண்டும் பக்கத்திலேயே சுற்றின,
முகம் தெரியாமல்.

வாரம் முழுக்கக் கடிகாரத் தொழிற்சாலையில்
இமைமயிரைவிட மெல்லிய பற்களை
லென்ஸுக்குக் கீழே எண்ணுகிறவள் நான்,
எனக்கு இது புதிதில்லை.
பவானந்தன்தான் எண்ணெய்த் துணியும் கையுமாக
கொஞ்ச நேரம் நின்றான்.

லிஸ் போகும் வழியில்
ஸ்பிண்டனின் பழைய இரும்புக் கொட்டகை.
பலகைமேல் இரண்டு அச்சு.
இரண்டிலும் பெரியது முப்பத்தைந்து.
ஒன்றில் சின்னது பதினொன்று, மற்றதில் ஒன்பது.
"வித்தியாசம் இரண்டு பல்தான்" என்றார்
கையுறையைக் கழற்றாமல்,
"ஆனால் விற்றதைத் திருப்பி எடுக்கமாட்டேன்."

இரண்டு பல்லுக்காக மூன்று வாரம் சண்டை.

பதினொன்று அவனுக்கு.
ஹெர்கிங்கன் தபால் கிடங்குக்கு
விடிய நாலு மணிக்கு
ஆட்டோபானில் நாற்பத்தைந்து கிலோமீட்டர்.
நூற்றுப்பத்தில் போகையில்
மூவாயிரத்து ஐந்நூறு சுற்றில் கத்துகிற எஞ்சின்
மூவாயிரத்துக்கு இறங்கும்,
பெட்ரோலும் கொஞ்சம் மிஞ்சும் என்றான்.

ஒன்பது எனக்கு.
வீடு லொய்பிரிங்கனில், காட்டுக்கு மேலே.
கடைசி இரண்டு வளைவில்
அரிசி மூட்டையோடும் அவன் அக்காவின் பிள்ளைகளோடும்
ஏறிப் பார்த்தவளுக்குத் தெரியும்.
வேகத்தைக் கொடுத்தால் இழுவை கிடைக்கும்,
இழுவையைக் கொடுத்தால் வேகம்.
வேறு பேரம் அந்த அச்சுக்குத் தெரியாது.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு
சரி, பதினொன்று என்றேன்.

பூட்டிய முதல் ஞாயிறு.
சோலோதூர்ன் தாண்டும்போது
எஞ்சின் தொண்டையைத் தாழ்த்திக்கொண்டது.
ஒன்பது வருடமாக இந்தக் காருக்குள்
கத்தித்தான் கதைத்திருக்கிறோம்:
"எந்த வழி", "யன்னலைப் பூட்டு", "என்ன?"
இப்போது மெதுவாகச் சொல்ல என்ன இருக்கிறதென்று
இரண்டு பேருமே தேடினோம்.
இரண்டு பாலம் கடந்தது.
ஒரு பால் லொறி எங்களை முந்தியது.

"அந்த வேலையை விடப் போகிறேன்" என்றான்.
சாதாரணக் குரலில்,
வைப்பரைப் போடட்டுமா என்று கேட்பதுபோல.

திரும்பி வருகையில் இரண்டாவது வளைவில்
கிளட்ச் கருகும் மணம்.
யன்னலை இறக்கினேன்.
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை,
பிறகு நான்தான் முதலில் சிரித்தேன்.

திங்கட்கிழமை ஸ்பிண்டனிடம் போனேன்.
பலகை வெறுமையாக இருந்தது.
ஒன்பதைத் துன் ஊர்க்காரர் ஒருவர்
சனிக்கிழமையே ஏற்றிப் போய்விட்டாராம்.

பத்து நாளில் ஒரு கடிதம்.
ஆர்பெர்க் சாலை, எண்பது எல்லை,
தொண்ணூற்றிரண்டு,
கழிவு போக ஏழு கூட, நூறு பிராங்.
முள் எண்பதில்தான் நின்றது, சத்தியமாக.
அச்சை மாற்றினோம்,
வேகமானியின் குட்டிச் சக்கரத்தை மாற்றவில்லை.
பல் எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள்
அதை மறந்தேன்.
கார் என் பெயரில், தண்டமும் என் பெயரில்.

இப்போது அவன் போவது
மலையடிவாரத்து சைக்கிள் கடைக்கு, நடந்து.
எங்களிடம் ஆட்டோபானுக்கு ஏற்ற அச்சு இருக்கிறது,
ஆட்டோபானில் வேலை இல்லை.
சனி மாலையில் அரிசியோடு
முதல் கியரில் ஏறுகிறோம்.
பின்னால் ஒரு மின்சார சைக்கிள்
பொறுமையாக மணியடிக்கிறது.
பவானந்தன் கையை வெளியே நீட்டி
முந்திப் போகச் சொல்கிறான்.