கறைக்குக் கீழே ஒரு பெயர்

நாக்அவுட் பட்டியல் வந்தபோது இரவு பதினொன்று.
இலோயிலோ, லா பாஸ் சந்தையின் பின்வாசல் கடையில்
நான் சூப்புக்குப் பன்றியெலும்பை உடைத்துக்கொண்டிருந்தேன்.

தியோடுலோ போன மாதக் காலண்டர் தாளைக் கிழித்து
முதுகுப் பக்கம் திருப்பி
பதினாறு பெயர்களையும் எழுதினான்.
டிரைசைக்கிள் ஓட்டுகிறவன் கை.
கோடுகள்கூடப் பள்ளத்துக்குப் பயந்து
வளைந்து வளைந்து போயின.

மூன்றாவது கட்டத்தில் கை நின்றுவிட்டது.
எங்கள் பகுன்சானுக்கும்
சம்போவாங்கா லுமாபாஸுக்கும் ஆட்டம்.

தோஹாவரை விமானம் ஏறிப் போனது
ஒருத்தன் கழுத்தை இன்னொருத்தன் பிடிக்கவா?
"இதை இங்கேயே மீன்கடைக்கு எதிர்ல
பத்து பெசோ மேசையில ஆடித் தொலைச்சிருக்கலாம்"
என்றார் ஃபெர்மின்.

பிறகு சட்டியைவிடப் பேச்சு அதிகம் கொதித்தது.

லுமாபாஸ் பிரேக் அடித்தால் இடி,
நாலு பந்தாவது குழி தேடி ஓடும் என்றார் அவர்.
"ஓடட்டும். வெள்ளைப் பந்து எங்க நிக்கும்?
கல்யாண வீட்ல தொலைஞ்ச குழந்தை மாதிரி நிக்கும்"
என்றாள் ரொவேனா, எதிர்ப்பக்க மருந்துக்கடையை
அரைமணி நேரம் பூட்டிவிட்டு வந்தவள்.
பகுன்சான் கியூவுக்குச் சாக் தேய்த்து முடிப்பதற்குள்
எதிராளிக்கு இடுப்பு வலி வந்துவிடுமாம்.
பதினொன்று எடுத்தவன் ஜெயிக்கும் ஆட்டம்.
பத்துக்குப் பத்து வரட்டும், அப்போது பார் என்றாள்.

நாங் இசிங் கடன் நோட்டோடு வந்தாள்.
"பகுன்சான். பாட்சோய் பதினாலு கிண்ணம். முட்டை தனி.
கால் இறுதிக்குப் போனா காசு உண்டா, இல்லையா?"
உண்டு என்றோம்.
"அப்ப அவன்தான்."
நோட்டை மூடினாள்.
அதற்கு மேல் வாதாட ஆளில்லை.

என் அம்மா சம்போவாங்காக்காரி.
இந்தக் கடையில் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

கால் இறுதியில் போலந்து வில்காதான் எதிரே நிற்பான் என்று
அவர்களாகவே முடிவுகட்டினார்கள்.
உப்புக் குடுவை ஒன்பதாம் பந்து,
மிளகுப் புட்டி அதை மறைத்து நிற்கும் ஏழு,
வெங்காயத்தாள் கியூ.
வில்கா ஜம்ப் ஷாட்டில் தாண்டுவானா,
மூன்று குஷனில் சுற்றி வருவானா?
தியோடுலோ எட்டிக் காட்டும்போது
என் கரண்டியைத் தட்டிவிட்டான்.
மஜ்ஜைக் கொழுப்பு ஒரு சொட்டு,
நேராக வில்காவின் எதிராளி மேல்.

"யாரவன்?"
"எஸ்தோனியாவோ என்னமோ. வழியில ஒரு வேகத்தடை."

கொழுப்பு ஊற ஊறத் தாள் கண்ணாடியாகியது.
மறுபக்கத்துப் பதினேழாம் தேதி தெரிந்தது.
அதில் நாங் இசிங் எழுதிவைத்த 'காஸ்'
தலைகீழாக.
அன்றிரவு அவன் பெயர் காஸ் ஆனது.
எல்லோரும் நன்றாகச் சிரித்தோம்.

லோட் தீர்ந்துபோன ஃபோனைச் சுற்றி
சும்மா உட்கார்ந்திருந்தோம்.
கடைக்குத் திரும்பிவிட்ட ரொவேனா
கம்பி ஜன்னலில் வாய் வைத்து ஸ்கோர் கத்தினாள்.
ஒன்பது எட்டு. ஒன்பது ஒன்பது.
யாரோ இருமல் மருந்து கேட்டு வந்ததில்
பத்தாவது ரேக் யாருக்கு என்பதே தெரியாமல் போனது.
மூன்றரைக்குச் சத்தம்:
"பகுன்சான்! பதினொண்ணு பத்து!"

ஃபெர்மின் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
நாங் இசிங் 'பதினான்கு' என்பதன் கீழே கோடு போட்டாள்.
நான் எலும்பின் மேல் கத்தியை
தேவைக்கு மேல் பலமாகப் போட்டேன்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு ரொவேனா மறுபடியும் கத்தினாள்,
இம்முறை கொஞ்சம் தயக்கமாக.
"வில்கா போயிட்டான். பதினொண்ணு மூணு."

பதினொன்றுக்கு மூன்று!
வில்காவின் கியூவாக இருந்த வெங்காயத்தாளை
தியோடுலோ மெதுவாக மென்று தின்றான்.
நாளை பகுன்சானுக்கு எதிரே காஸ்.

அவன் எப்படி பிரேக் அடிப்பான், வலக்கையா இடக்கையா,
யாருக்கும் ஒன்றும் தெரியாது.
தாளைப் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்து
நான்கு தலைகள் ஒட்டிக்கொண்டு பார்த்தோம்.

முதல் எழுத்து 'கே' மாதிரி இருந்தது.
'எச்' என்றார் ஃபெர்மின்.